ஆறப் பொறுத்தவர்

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர். பேரைக் கேட்டு எடுப்புப் பல்லாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துதான் போக வேண்டும். அவளுக்கு நல்ல வரிசைப் பல். ஊராருக்குப் பல் கட்டுகிறவள் என்பதால் வந்த பேர் அது. வீட்டு முன்னறைதான் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் ஒரு வாய் கிடைக்கும்; மாடல் என்பார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு, ஆளையே பார்க்காமல், அவளும் அவள் புருஷனும் பல் செய்து அனுப்புவார்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் வாய்கள். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு நம்பர். பல்லக்காவுக்கு முகம் தெரியாதே தவிர வாய் தெரியும். "இந்த மனுஷன் எந்நேரமும் இடது பக்கமே மெல்றவரு. இந்தம்மா கோவம் வந்தா பல்லக் கடிக்கிறவங்க, எப்படித் தேஞ்சு கெடக்கு பாருங்க" என்று புருஷனிடம் சொல்வாள். ஒரு தடவை காய்கறிக் கடையில் ஒருவர் சிரித்ததும், "ஏங்க, நம்ம நானூத்திப் பன்னெண்டு!" என்று புருஷன் விலாவில் இடித்தாள். அந்த ஆள் மிரண்டுபோய் காய் வாங்காமலே நடையைக் கட்டினார்.

புருஷனை எல்லாரும் லேப்காரர் என்பார்கள். மெழுகில் பல் அடுக்குவது அவள் வேலை. டாக்டர் அதை நோயாளி வாயில் வைத்துப் பார்த்து, சரி என்று சீட்டு எழுதி அனுப்பிய பிறகு, வேக வைத்துக் கெட்டியான பல்செட்டாக எடுப்பது அவர் வேலை. பித்தளை டப்பாவுக்குள் பிளாஸ்டரில் அதைப் புதைத்து, மெழுகை வெந்நீரில் உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிறப் பசையை அடைத்து இறுக்கி, விடிகாலை நாலு மணிக்கு அடுப்பில் ஏற்றுவார். எட்டு மணிக்கு இறக்குவார். டப்பாவை மேடையில் வைத்துவிட்டு, கிளினிக் கிளினிக்காக அச்சு வாங்கப் போய்விடுவார். பன்னிரண்டு மணிக்குத்தான் டப்பாவைத் திறப்பது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அதிகம் வேலை தருகிற டாக்டரம்மா கிளினிக் திறக்கும்போது அங்கே சேர்த்துவிட வேண்டும்.

சேர்க்கிற வேலைக்கு நாலு மாதமாக ஒரு ஆள் வந்திருந்தார். பல்லக்காவின் அப்பா. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்; எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். பெண்டாட்டி போன பிறகு தனியாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று பெண் கூப்பிட, வந்துவிட்டார். வந்த முதல் வாரம் மருமகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "எனக்கு ஒரு ரூட்டு குடுங்க மாப்ள" என்று கேட்டு ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அஞ்சு என்றால் அஞ்சு. டாக்டரம்மாவின் கிளினிக்கில் அவர் தலையைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம்.

ஒரே ஒரு தடவை அஞ்சே கால் ஆகிவிட்டது. கோடை வெயில், பன்னிரண்டு மணிக்கும் டப்பா சுட்டுக்கொண்டிருந்தது என்று மருமகன் தள்ளித் திறந்ததால் வந்த தாமதம். டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்தான் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "என் சர்வீஸ்ல இல்லாத லேட்டு" என்று கடலையை நசுக்கிக்கொண்டே முணுமுணுத்தார்.

கடலையை ஏன் நசுக்க வேண்டும்? அவருக்கு மேல்தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. பல் கட்டுகிற வீட்டு மாமனாருக்குப் பொக்கை வாய்! தெருவே சிரித்தது. "எனக்கெதுக்குப் பல்லு, நான் என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறேன்" என்று தட்டிக்கழிப்பார். வறுத்த வேர்க்கடலை மட்டும் விட முடியாது. கரண்டியின் முதுகால் தட்டில் நசுக்கி நசுக்கி, மாவாக்கி வாயில் போட்டுக்கொள்வார். சாயங்காலமானால் அந்தத் தட்டுச் சத்தம் வீட்டில் கேட்கும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பல்செட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன.

மூன்றாவது திரும்பி வந்த அன்று டாக்டரம்மாவே போன் பண்ணினார். பேசினால் குரல் உயராத மனுஷி அவர். வயசானவர்களுக்குத்தான் அதிகம் பல் கட்டுவார். லேப்பின் பாதி வேலை அவர் அனுப்புவது.

"அக்கா, நீங்க மெழுகுல அனுப்புனப்ப அந்தப் பெரியவருக்கு அச்சா உக்காந்துச்சு. நானே ஆட்டிப் பாத்தேன், அசையல. பல்லா வந்ததும் ஆடுது. பேசுனா கழண்டு நாக்குல விழுது. பேரன் கல்யாணத்துல மைக்குல பேசும்போது விழுந்துருச்சாம்."

"அய்யய்யோ!"

"அவர் என்னை என்ன பேசினார்னு உங்களுக்குச் சொல்ல முடியாதுக்கா. நீங்க அடுக்குற பல்லுக்காகத்தான் ஒன்பது வருஷமா வேற லேப்பு பக்கம் நான் திரும்பல. ஆனா என் மேல நம்பிக்கை வச்சு வாயத் தொறக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல. இன்னும் ஒன்னு இப்படி வந்துச்சுன்னா, மனசில்லாமதான், முழு செட்டெல்லாம் வேற இடத்துக்குக் குடுக்க வேண்டி வரும்."

பல்லக்கா போனை வைத்தாள். டாக்டரம்மா போய்விட்டால் பாதி அலமாரி காலி. அதைவிட, ஒன்பது வருஷமாக அந்தச் சீட்டுகளில் நடந்த பேச்சு. 'முன் பல் ரெண்டும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கட்டும், பழைய போட்டோவில் அப்படித்தான்' என்று டாக்டரம்மா எழுதுவார். 'ஏற்றியிருக்கேன், ஆனா கீழ்ப் பல்லில் இடிக்கும், வலது ஓரம் பார்த்துக்கோங்க' என்று இவள் எழுதுவாள். பார்த்துப் பேசியது குறைவு. எழுதியே சிநேகிதமானவர்கள்.

மெழுகில் சரி, வெந்து வந்தால் தப்பு. அப்படியென்றால் குற்றம் அடுப்படியில். இதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. சொல்லித்தான் தொலைத்தாள்.

"ஏங்க, பசை பழசா இருக்குமோ?"

லேப்காரர் மாடலைத் தேய்த்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். "போன வாரம் பிரிச்ச டப்பா."

"தண்ணி சீக்கிரம் கொதிச்சிருக்குமோ?"

"நான் பக்கத்துல உக்காந்து சூடு பாக்குறேன். நீ போர்வைய இழுத்து மூடித் தூங்குற நேரத்துல."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"சொல்லல. கேட்ட. பன்னெண்டு வருஷமா வேக வைக்கிறவன்கிட்ட, அரிசி வெந்துச்சான்னு கேட்ட மாதிரி கேட்ட."

"கேக்கக் கூடாதா? டாக்டரம்மா கேக்குறாங்களே, அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவங்க எடுக்கிற அச்சுலயே கோளாறு இருக்கலாம்ல?"

"அச்சுல கோளாறுன்னா மெழுகுலயே ஆடும். உங்களுக்குத் தெரியாததா? மழுப்பாதீங்க."

தெரிந்ததுதான். அதனால்தான் அவர் மிஷினை மறுபடி ஓட விட்டார், பேச்சுக் கேட்காதபடி. இரண்டு பேரும் அன்று ஒரே மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். நடுவில் டிரைவர் டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டு முதுகையும் பார்த்தார். "வண்டி நடுவழியில நின்னா, டிரைவரும் கண்டக்டரும் அடிச்சுக்கிட்டா நவுருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாவம், வண்டி ஏன் நின்றது என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா லேப்புக்கே வந்துவிட்டார். திட்டத்தான் வருகிறார் என்று பல்லக்கா முந்தானையால் நாற்காலியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அலமாரி அலமாரியாகப் பார்த்தார். "எல்லாரையும் நான் முகமா பாத்துருக்கேன், இங்க வாயா இருக்காங்க" என்று சிரித்தார். அப்புறம் அடுப்பு, டப்பா, இறுக்குகிற திருகு எல்லாவற்றையும் லேப்காரரிடம் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒன்னு செய்யலாம்" என்றார் கடைசியில். "முழு செட்டுன்னா, டப்பாவுல இருக்கிற பிளாஸ்டர உடைச்சு எடுக்கும்போது மாடலும் உடைஞ்சு போயிடுது. அதனால எங்க தப்புன்னு ஒப்பிட்டுப் பாக்க முடியல. ஒரே வாய்க்கு ரெண்டு மாடல் ஊத்துங்க. ஒன்னு உங்க வேலைக்கு. இன்னொன்னு தொடாம என்கிட்ட இருக்கட்டும். செட்டு வெந்து வந்ததும் அதுல வச்சுப் பாத்தா விஷயம் வெளிய வந்துரும்."

"எந்த நோயாளிக்கு, டாக்டர், சோதனை பண்ணிப் பாக்குறது? மறுபடி ஒருத்தர் வாயில வெளையாட முடியாதே" என்றார் லேப்காரர்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். டிரைவர் அங்கே உட்கார்ந்து கடலை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, என்னையே எல்லாரும் பாக்குறீங்க?"

"ஐயா, உங்களுக்கு மேல் செட்டு கட்டப் போறோம்."

"எனக்கா? வேணாம் டாக்டரம்மா. இந்த வயசுல..."

"அப்பா" என்றாள் பல்லக்கா, "புது பஸ்ஸ ஜனங்கள ஏத்துறதுக்கு முன்னாடி யாரு ஓட்டிப் பாப்பா?"

"டிரைவர்தான்."

"அப்ப வாயத் தொறங்க."

அடுத்த வாரம் அச்செடுத்தார்கள். பல்லக்கா இரண்டு மாடல் ஊற்றினாள். அப்பாவின் வாயை முதல் தடவையாகக் கையில் வைத்துப் பார்த்தபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. மிச்சமிருந்த கீழ்ப் பல் ஆறும் தேய்ந்திருந்தன. எத்தனை ராத்திரி வண்டி ஓட்டத்தில் கடித்துக் கடித்துத் தூக்கத்தை விரட்டியிருப்பார் இந்த மனுஷன்! அம்மாவும் அப்பாவும் எடுத்துக்கொண்ட பழைய போட்டோவைத் தேடி எடுத்து, அதில் முன் பல் நடுவே இருந்த கடுகளவு இடைவெளியையும் விட்டு அடுக்கினாள். மெழுகில் வைத்துப் பார்த்தார்கள். கச்சிதம். கண்ணாடியில் பார்த்த டிரைவர், "அட, இவன நான் எங்கயோ பாத்துருக்கேனே" என்றார்.

வேக வைத்த அன்று லேப்காரர் அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நாலு மணிக்கு ஏற்றி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூடு பார்த்து, எட்டு மணிக்கு இறக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல் மேடையில் வைத்தார். "இதுலயும் ஆடுச்சுன்னா நான் வேற தொழில் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அச்சு வாங்கக் கிளம்பினார். ஒன்பது மணிக்குப் பல்லக்கா துணி அலசப் பின்னால் போனபோது வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மனுஷன் குளிக்கக் காய வைத்த வெந்நீரைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதிலேயே துணியை அலசினாள்.

சாயங்காலம் சரியாக அஞ்சு மணி. அன்று பார்சலும் அவரே, நோயாளியும் அவரே. பின்னால் பல்லக்கா.

டாக்டரம்மா பல்செட்டை எடுத்து, தன்னிடம் இருந்த மாடலின் மேல் வைத்தார். விரலால் ஒரு ஓரம் அழுத்தினார். மறு ஓரம் எழும்பியது. பின்பக்கம் ஒரு காகிதத் துண்டை நுழைத்தார், சர்ரென்று போனது.  நாலாவது. அதுவும் அப்பாவுடையது.

"முறுக்கிக்கிச்சு" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "வேக வச்சதுல தப்பு இல்லக்கா. நிறம் பாருங்க, ஒரு குமிழி இல்ல. இது ஆற வச்சதுல வந்த கோளாறு. சூடு தானா இறங்கணும். அவசரமா இறங்குச்சுன்னா வெளிய ஒரு மாதிரியும் உள்ள ஒரு மாதிரியும் சுருங்கும். எப்படி ஆற வச்சீங்க?"

பல்லக்காவின் கையில் காலையில் பட்ட வெதுவெதுப்பு ஞாபகம் வந்தது. புருஷன் எட்டு மணிக்கே போய்விட்டார். அன்று அவர் குளிக்கவே இல்லை. வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் டாக்டரம்மா கையிலிருந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் டாக்டரம்மா போய்விடுவார்.

"வீட்டுக்குப் போயி அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றாள் அவசரமாக.

"மாப்ளகிட்ட என்ன கேக்கப் போற?" என்றார் டிரைவர். "நான்தான் பாப்பா. பச்சத் தண்ணி வாளியில போட்டு எடுத்தேன். கால் மணி நேரம். தொடச்சு அதே எடத்துல வச்சுருவேன்."

"எதுக்குப்பா?"

"அன்னிக்கு டப்பா ஆறலன்னு லேட்டாச்சுல்ல. அதுலருந்து. மாப்ள வரும்போது சில்லுன்னு இருக்கட்டும், நம்மளால வேலை தடங்கலாகக் கூடாதுன்னு..." அவர் நிறுத்தினார். ஏதோ கணக்குப் போடுகிறவர் போல் உதடு அசைந்தது. "சூடான இன்ஜின்ல பச்சத் தண்ணி ஊத்துனா வெடிச்சிரும்னு புதுசா வந்த பசங்களுக்கெல்லாம் நான் சொல்லிக் குடுத்துருக்கேன் டாக்டரம்மா. முப்பத்தொரு வருஷம் சொல்லிருக்கேன். டப்பாதானேன்னு நினைச்சேன். அதுக்குள்ள இன்ஜின் மாதிரி ஒன்னு இருக்கும்னு தோணலயே."

பையில் கைவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்ன இது?" என்றார் டாக்டரம்மா.

"ஆக்சிடெண்ட் பண்ணா டிரைவர் மொதல்ல சாவியக் குடுத்துரணும். அதான் முறை. இவ மேலயும் தப்பு இல்ல, என் மாப்ள மேலயும் தப்பு இல்ல. நாலு பேர் வாயில நான் மோதிருக்கேன். லேப்ப மாத்தாதீங்கம்மா. ஆள மாத்துனாப் போதும். நான் ஊருக்குப் போயிடுறேன்."

பல்லக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுவிட்டாள், கூச்சமே படாமல்.  டாக்டரம்மா சாவியை விரலால் அவர் பக்கமே தள்ளினார்.

"நாலாவது வாய் உங்களோடதே ஐயா. அதுக்கு நீங்களே உங்களத் திட்டிக்கிட்டாச்சு. மிச்சம் மூனு பேருக்கும் புதுசா கட்டித் தரணும். யாரு வந்து குடுக்குறது? எனக்கு அஞ்சு மணிக்கு வேற யாரத் தெரியும்?"

வீட்டுக்கு வந்து லேப்காரரிடம் சொன்னார்கள். டிரைவர் தலைகுனிந்து நின்றார். மருமகன் முகம் சிவந்தது. ஒரு மாதமாகத் தன் அடுப்பையும் தன் கையையும் சந்தேகப்பட்டுக் கிடந்த மனுஷன் அல்லவா! பிறகு என்ன தோன்றியதோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நாலு மணி நேரம் ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்கலையே மாமா! ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா?"

"நல்லது பண்ணிட்டுச் சொல்லிக் காட்டுறது என்ன பழக்கம் மாப்ள?"

"அது சரி. நானும் ஒரு வார்த்தை சொல்லிருக்கணும், தானா ஆறணும்னு. மேடையில வச்சா எல்லாருக்கும் புரியும்னு இருந்துட்டேன்." பெண்டாட்டி பக்கம் திரும்பி, "அரிசி வெந்துதான் இருந்துச்சு, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் பாத்தேன். ரொம்பத்தான்" என்றாள் பல்லக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுபடி நாலு வாய்க்கும் பல் கட்டினார்கள். அந்த மூன்று பேரையும் டாக்டரம்மா கூப்பிட்டுப் புதிதாக அச்செடுத்து அனுப்பினார். வேக வைத்த அன்று எட்டு மணிக்கு நாலு டப்பாவும் மேடைக்கு வந்தன. டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மடியில் கைக்கடிகாரம். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் காலை வைத்துக்கொண்டார். பல்லக்கா மெழுகு எடுக்க மேடைப் பக்கம் போனால்கூட, "தள்ளிப் போ பாப்பா, காத்தடிக்குது" என்று விரட்டினார்.

அன்றும் நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்கு லேப்காரர் வந்து டப்பாவில் கை வைக்கப் போனார்.

"எடுங்க கைய."

"மணி ஆச்சு மாமா."

"கடிகாரத்துக்கு ஆச்சு. டப்பாவுக்கு ஆகல. தொட்டுப் பாருங்க, அடியில இன்னும் சூடு இருக்கு."

"அஞ்சு மணிக்குப் போகணுமே, உங்க டயமு?"

"அது என் கவலை."

ஒரு மணிக்கு விட்டார். திறந்து, தேய்த்து, மெருகேற்றி முடிக்க அஞ்சு அடித்துவிட்டது. தன்னுடையதை அவர் அங்கேயே வாயில் வைத்துக்கொண்டார்; டாக்டரம்மா பார்க்கட்டும் என்று பல்லக்கா கத்தியதைக் காதில் வாங்கவே இல்லை. மற்ற மூன்றையும் தண்ணீர் டப்பாவில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டு, பின்னால் மகளை ஏற்றிக்கொண்டு, எந்த வண்டியையும் முந்தாமல் ஓட்டினார்.

கிளினிக் வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு நாற்பது.

"என்ன ஐயா, அதிசயமா இருக்கு. லேட்டு!"

டிரைவர் ஸ்டாண்டைப் போட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு முழு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டார். கடுக்கென்று சத்தம் வந்தது. நிதானமாக மென்று விழுங்கினார். பல் அசையவில்லை.

"ஆமாம்மா, லேட்டுதான்" என்றார், முன் பல் நடுவே கடுகளவு இடைவெளி தெரியச் சிரித்து. "ஆறட்டும்னு இருந்தேன்."